வேர்டில் வைத்த ஜூம் ஏன் நிலைப்பதில்லை?

வாசகி ஒருவரின் கேள்வி: "மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். நாலைந்து இடங்களிலிருந்து வேர்டு ஃபைல்கள் வரும். ஒன்று 70 சதவீதத்தில் திறக்கிறது, இன்னொன்று 200-இல். புது ஃபைல் என்றால் எப்போதும் 100. வேர்டு திரையில் பாதி இடத்தில்தான் வந்து நிற்கிறது. ஒருமுறை சரிசெய்தால் அப்படியே இருக்க வழி இல்லையா? எழுத்து சரியாகத் தெரியாததால் ஃபான்ட் அளவை 16 ஆக்கித்தான் தட்டச்சு செய்கிறேன்."

முதலில் அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். ஃபான்ட் அளவைக் கூட்டுவதை இன்றே நிறுத்திவிடுங்கள். அது அச்சில் வரும் அளவு. 11-இல் வந்த ஃபைலை 16 ஆக்கினால் பக்கங்கள் கூடும், அட்டவணைகளில் வரி உடையும், திருப்பி அனுப்பும்போது பழைய அளவுக்குக் கொண்டுவர மறந்தால் வடிவமைப்பவருக்கு எல்லாம் குழப்பம். திரையில் மட்டும் பெரிதாக்கிக் காட்டும் ஜூமை 10 முதல் 500 சதவீதம் வரை எங்கே வைத்தாலும் அச்சில் எதுவும் மாறாது.

ஆனால் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்ற உங்கள் தேவை நியாயமானது. லதா, நிர்மலா போன்ற ஃபான்ட்களில் 11 அளவில் இருக்கும் தமிழ் எழுத்தை 100 சதவீதத்தில் பார்த்தால் புள்ளி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. துணைக்கால் வர வேண்டிய இடத்தில் 'ர' விழுந்திருப்பதும், 'ஔ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஒ', 'ள' என இரண்டு எழுத்துகள் நிற்பதும் கண்ணில் படாமல் போகும். தமிழில் மெய்ப்பு பார்ப்பவர்கள் 130, 140-க்குக் கீழே வேலை செய்யக் கூடாது என்பேன்.

இனி ஜூம் ஏன் நிலைப்பதில்லை என்று பார்ப்போம். வேர்டு ஜூம் அளவை நிரலுக்குள் பொதுவாக வைத்துக்கொள்வதில்லை. அந்தந்த ஃபைலுக்குள்ளேயே எழுதிவைக்கிறது. டாக்ஸ் என்று முடியும் வேர்டு ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். அதற்குள் அமைப்புகளுக்கென ஒரு சிறு ஃபைல் உண்டு. அனுப்பியவர் கடைசியாகச் சேமித்தபோது இருந்த சதவீதம் அதில் ஒரு வரியாக இருக்கும். அவர் 70-இல் வைத்துச் சேமித்தால் உங்களுக்கும் 70-தான். இன்னொன்றும் உண்டு: ஜூமை மட்டும் மாற்றினால் ஃபைல் மாறியதாக வேர்டு கணக்கில் எடுக்காது, மூடும்போது சேமிக்கவா என்று கேட்காது. நேற்று வைத்த அளவு இன்று காணாமல் போவது அதனால்தான்.

புது ஃபைல்களுக்கு நார்மல் என்ற டெம்ப்ளேட்தான், அதாவது மாதிரி ஃபைல்தான், மூலம். அதையே திறந்து மாற்ற வேண்டும். வேர்டில் ஃபைல், ஓப்பன், பிரவுஸ் என்று போங்கள். ஃபைல் பெயர் கட்டத்தில் 'ஆப்டேட்டா' என்பதை ஆங்கிலத்தில், முன்னும் பின்னும் % குறி போட்டுத் தட்டி என்டர் கொடுங்கள். அங்கே மைக்ரோசாஃப்ட், அதற்குள் டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டர். அதில் நார்மல் ஃபைலைத் திறங்கள். ஃபோல்டரில் போய் டபுள் கிளிக் செய்யாதீர்கள். டெம்ப்ளேட் திறக்காது, அதை வைத்து ஒரு புது ஃபைல்தான் திறக்கும். மேலே தலைப்புப் பட்டையில் நார்மல் என்று இருக்கிறதா எனப் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே வலது மூலையில் இருக்கும் சதவீதத்தைக் கிளிக் செய்து வேண்டிய அளவைக் கொடுங்கள். பிறகு ஸ்பேஸ் பாரை ஒருமுறை தட்டி, அந்த இடைவெளியை அழித்துவிட்டுச் சேமியுங்கள். அப்போதுதான் ஏதோ மாறியது என்று வேர்டு ஒப்புக்கொண்டு உண்மையிலேயே சேமிக்கும். பலர் தவறவிடும் படி இதுதான். அங்கே வேறு எதையும் தட்டிவிட்டு வராதீர்கள்; இனி திறக்கும் ஒவ்வொரு புது ஃபைலிலும் அது வந்து நிற்கும்.

பிறரிடமிருந்து வரும் ஃபைல்களுக்கு இது உதவாது. உங்கள் வேலையில் அவைதானே அதிகம்? அதற்கு ஒரு சிறிய மேக்ரோ, அதாவது பதிவு செய்த படிகளைத் தானே திரும்பச் செய்யும் கட்டளை, போதும். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை, பதிவு செய்தாலே போதும். வியூ டேபில் மேக்ரோஸ் பொத்தானின் கீழ் அம்பைக் கிளிக் செய்து ரெக்கார்டு மேக்ரோ கொடுங்கள். பெயரை இப்படி ஆங்கிலத்தில் இடைவெளியில்லாமல் தட்டுங்கள்: ஏ, யூ, டி, ஓ, ஓ, பி, ஈ, என். பெயர் இதேதான் இருக்க வேண்டும். ஃபைல் திறக்கும்போதெல்லாம் வேர்டு தேடி இயக்குவது இந்தப் பெயரைத்தான். சேமிக்கும் இடம் 'ஆல் டாக்குமென்ட்ஸ்' என்று இருக்கட்டும். ஓகே கொடுத்ததும் வியூ டேபிலேயே பேஜ் விட்த் பொத்தானை அழுத்துங்கள். மீண்டும் மேக்ரோஸ் அம்பு, ஸ்டாப் ரெக்கார்டிங். வேர்டை மூடும்போது நார்மலில் மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்டால் சேமியுங்கள்.

சதவீதத்துக்குப் பதில் பேஜ் விட்த் சொல்லக் காரணம், வேர்டின் சாளரத்தைச் சுருக்கினாலும் விரித்தாலும் அதற்கேற்ப அளவு தானே மாறிக்கொள்ளும். மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேலை செய்பவருக்கு இது பெரிய வசதி. 24 அங்குலத் திரையை முழுக்க விரித்து வைப்பவருக்கு மட்டும் எழுத்து மிகப் பெரிதாகிவிடும். அவர்கள் பதிவின்போது சதவீதத்தைக் கிளிக் செய்து 130 போன்ற ஓர் எண்ணையே கொடுக்கலாம்.

இதற்காக மேக்ரோ பாதுகாப்பைத் தளர்த்தி, எல்லா மேக்ரோக்களையும் அனுமதிக்கும்படி வைத்துவிடாதீர்கள். டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டரை வேர்டு ஏற்கெனவே நம்புகிறது. வெளியாட்களின் ஃபைல்கள் தினமும் வரும் கணினியில் அந்தக் கதவைத் திறந்து வைப்பது ஆபத்து. மின்னஞ்சலில் வந்த ஃபைலில் 'எனேபிள் எடிட்டிங்' என்று கேட்கும் மஞ்சள் பட்டை இருக்கும்வரை உங்கள் மேக்ரோவும் வேலை செய்யாது, அது சரிதான். மின்னஞ்சலில் இணைத்து வந்த ஃபைல்கள் புத்தகம்போல விரிந்து திறந்தால், ஃபைல், ஆப்ஷன்ஸ், ஜெனரல் பகுதியில் ரீடிங் வியூ பற்றிய டிக்கை எடுத்துவிடுங்கள்.

சாளர அளவு எளிது. மற்ற வேர்டு ஃபைல்களை எல்லாம் மூடிவிட்டு, மிஞ்சிய ஒன்றை வேண்டிய அளவுக்கு இழுத்து வைத்து மூடுங்கள். கடைசியாக மூடியதன் அளவையும் இடத்தையும்தான் வேர்டு நினைவில் வைக்கும். ஷார்ட்கட்டின் பிராப்பர்ட்டீஸில் 'ரன்' என்ற இடத்தில் மேக்ஸிமைஸ்டு தேர்வு செய்யலாம், ஆனால் அந்த ஷார்ட்கட் வழியாகத் திறக்கும்போது மட்டுமே பலன். அவசரத்துக்கு விண்டோஸ் கீயுடன் மேல் அம்பு.

வேர்டின் மெனு எழுத்துகளும் சிறிதாகத் தெரிகின்றனவா? அப்படியானால் சரிசெய்ய வேண்டியது வேர்டை அல்ல. விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, ஸ்கேல் பகுதியில் 125 வைத்துப் பாருங்கள்.

லிப்ரே ஆபீஸ் பயன்படுத்துபவர்களுக்கு மேக்ரோ தேவைப்படாது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட்/சேவ், ஜெனரல் பகுதியில், ஃபைலுடன் சேர்ந்து வரும் பயனர் அமைப்புகளை ஏற்றும் டிக்கை எடுத்தால் போதும். அனுப்பியவரின் ஜூம் உங்களிடம் வராது.

வேலை முடிந்து ஃபைலைத் திருப்பி அனுப்பும் முன் ஜூமை 100-க்குக் கொண்டுவந்து, ஒரு ஸ்பேஸ் தட்டி அழித்துச் சேமித்து அனுப்புங்கள். உங்கள் 140 அவர் திரையில் போய் நிற்க வேண்டாம்.