மெல்லிய தகட்டில் புரோட்டான் வரவில்லையா? கான்ட்ராஸ்டைப் பாருங்கள்

லேசர் துடிப்பைச் சுட்டு, சதுர சென்டிமீட்டருக்கு 10¹⁹ வாட் செறிவு கிடைத்தும் 1 மைக்ரான் அலுமினியத் தகட்டின் பின்புறம் புரோட்டானே வரவில்லை, டிடெக்டரில் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு டிடெக்டர் மேல் சந்தேகம் இல்லை. நீங்கள் சொன்ன 10⁶ கான்ட்ராஸ்ட்தான் (முக்கியத் துடிப்பு அதற்கு முன் வரும் ஒளியைவிட எத்தனை மடங்கு செறிவானது என்ற கணக்கு) இடிக்கிறது: முக்கியத் துடிப்புக்கு முன்னால் சில நானோவிநாடி நீளும் மங்கலான ஒளியே சதுர சென்டிமீட்டருக்கு 10¹³ வாட்டில் இருக்கும், அலுமினியத்தைப் பிளாஸ்மாவாக்க அதுவே தாராளம், அதில் கிளம்பும் அதிர்ச்சி அலை நானோவிநாடிக்குச் சில மைக்ரான் போய்விடுவதால் முக்கியத் துடிப்பு வருவதற்குள் பின்பக்கம் குலைந்து விரிந்துவிடுகிறது. புரோட்டான்களை முடுக்கும் மின்புலம் வலுவாக எழ, அந்தப் பின்பக்கம் கூர்மையாக இருந்தே ஆக வேண்டும்.

சரி, எளிய சோதனை ஒன்று: 10 மைக்ரான் தகட்டை மாட்டிச் சுடுங்கள், அதிர்ச்சி அலை அதன் பின்பக்கம் சேர அதிக நேரம் எடுக்கும். புரோட்டான் வந்தால் காரணம் இதுதான். மெல்லிய தகடே வேண்டும் என்றால் பிளாஸ்மா கண்ணாடி (மங்கலான ஒளியைக் கடத்திவிட்டு, வலுவான துடிப்பு வந்ததும் பிளாஸ்மாவாகி அதை மட்டும் பிரதிபலிக்கும் தட்டு) வையுங்கள், ஆற்றலில் கால் பங்கு போல இழப்பீர்கள், ஆனால் கான்ட்ராஸ்ட் சுமார் 100 மடங்கு உயரும், அந்த இழப்பு தாராளமாகத் தகும். அப்புறம் முக்கியத் துடிப்புக்குச் சற்று முன்னுள்ள பைக்கோவிநாடிப் பகுதியை கிராஸ்கோரிலேட்டர் (துடிப்பின் நேர வடிவத்தை நுணுக்கமாக அளக்கும் கருவி) வைத்து அளந்துவிடுங்கள், சாதாரண ஒளி உணரியான போட்டோடையோடு அவ்வளவு வேகமில்லாததால் அதற்கு அது தெரியாது.