ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஸ்கேன் மெஷின் வாங்கித் தரலாமா?

கேள்வி: திருப்பூர் பக்கம் சின்ன அளவில் பனியன் கம்பெனி நடத்தும் ஆறு பேர் சேர்ந்து, ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு ஸ்கேன் மெஷின் வாங்கித் தர நினைக்கிறோம். எங்கே ஆரம்பிப்பது?

பதில்: மெஷின் கடையில் ஆரம்பிக்காதீர்கள். கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெறாத இடத்துக்கு ஸ்கேன் மெஷினை விற்கவே கூடாது. அரசு மருத்துவமனை என்றாலும் பதிவு வேண்டும். அதை இயக்கத் தகுதி பெற்ற மருத்துவரும் வேண்டும். அவர் இல்லையென்றால், அல்லது மாற்றலாகிப் போய்விட்டால், உங்கள் மெஷின் துணி போர்த்திய நிலையில் மூலையில் நிற்கும். அப்படி நிற்பவற்றைப் பார்த்திருக்கிறேன். கொடுத்தவர் பெயர்ப் பலகை மட்டும் பளபளவென்று இருக்கும்.

அதனால் முதலில் வட்டார மருத்துவ அலுவலரைப் பாருங்கள். "என்ன வாங்கித் தரட்டும்?" என்று கேட்டால் பெரிய பட்டியல் வரும். "இருப்பதில் எது ஓடவில்லை?" என்று கேளுங்கள். பேட்டரி செத்த இன்வெர்ட்டர், பழுதான ஃப்ரிட்ஜ், தீர்ந்துபோன பரிசோதனை ரசாயனம் என்று பதில் வரலாம். புது மெஷினைவிட இவற்றுக்கு மூன்று வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டுக் கொடுப்பது மேல். பணத்தை அந்த நிலையத்தின் நோயாளர் நலச் சங்கத்தின் வங்கிக் கணக்கில் கட்டி ரசீது வாங்குங்கள். வரிக்கழிவு வேண்டுமென்றால், சங்கத்துக்கு நன்கொடை வரிக்கழிவுக்கான வருமான வரிப் பதிவு (80ஜி என்று சொல்வது) இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பொருளாகக் கொடுத்தால் அந்தக் கழிவு கிடையாது.

உங்கள் ஊருக்கு இன்னொரு வழியும் பொருந்தும் என்பேன். 2022 செப்டம்பரில் தொடங்கிய 'நிக்ஷய் மித்ரா' திட்டத்தில், தனியாரும் நிறுவனங்களும் காசநோயாளிகளுக்குக் குறைந்தது 6 மாதம் மாதாமாதம் சத்துணவுப் பொருட்கள் தரலாம். தானியம், பருப்பு, எண்ணெய், பால் பவுடர் அல்லது நிலக்கடலை, அவ்வளவுதான். 2024 நவம்பர் முதல் அரசு நோயாளிக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. ஆனால் வேலைக்குப் போக முடியாதவர் வீட்டில் அது எத்தனை நாளைக்கு வரும்? பதிவு இணையத்திலேயே, வழிகாட்ட மாவட்டக் காசநோய் மையம் இருக்கிறது.

அப்புறம், உங்கள் கம்பெனியிலேயே யாருக்காவது காசநோய் வந்தால் வேலையை விட்டு நிறுத்தாதீர்கள். பரிசோதனை நாளில் சம்பளத்தோடு விடுப்பு கொடுங்கள். சத்துணவு கொடுப்பதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடவும் வேண்டாம். வியாதி தெரிந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் ஹவுஸ் ஓனர்கள் இன்னும் இருக்கிறார்கள்.