எச்.ஐ.வி. ஆய்வுக்கு மூளைத் திசுக் கொடை: கேள்வி பதில்

கேள்வி: மருந்தால் என் இரத்தத்தில் வைரஸ் தென்படுவதில்லை. இனி என் மூளையால் ஆய்வுக்கு என்ன பயன்?

பதில்: உங்களைப் போன்றோரின் மூளைதான் இன்று அதிகம் தேவைப்படுகிறது. எச்.ஐ.வி. பெரும்பாலும் நரம்பணுக்களைத் தொற்றுவதில்லை. மூளையின் நோயெதிர்ப்பு அணுக்களான மைக்ரோகிளியா, இரத்தக் குழாய்களை ஒட்டிய மேக்ரோஃபேஜ் ஆகியவற்றில் குடியேறி, அவை சுரக்கும் அழற்சிப் பொருள்களின் வழியாகவே நரம்பணுக்களுக்குச் சேதம் விளைவிக்கிறது. இரத்தத்தில் வைரஸ் அடங்கிய பிறகும் அவ்வணுக்களில் அதன் மரபுப்பொருள் எஞ்சியிருக்கக்கூடும் என்பதால், நேரடியாகத் திசுவில்தான் தேட வேண்டியிருக்கிறது.

கேள்வி: இறந்தபின் எடுக்கப்போகும் மூளைக்கு இப்போதே எதற்குச் சோதனைகள்?

பதில்: உயிருடன் இருந்தபோது அந்த மூளை எப்படி இயங்கியது என்ற குறிப்பு இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல திசுவும் பாதிக் கதையைத்தான் சொல்லும். சொற்பட்டியலை நினைவுகூர்வது, துளைப்பலகையில் சிறு முளைகளை ஒவ்வொன்றாகச் செருகுவது போன்ற சோதனைகள் சலிப்பூட்டும். ஆனால் முளை செருக எடுத்த விநாடிகள்கூடப் பிற்பாடு நுண்ணோக்கியில் தெரியும் மாற்றத்தோடு ஒப்பிடப்படும். 1998-இல் அமெரிக்காவில் தொடங்கிய தேசிய நியூரோஎய்ட்ஸ் (எச்.ஐ.வி.யால் வரும் மூளை, நரம்புப் பாதிப்பு) திசுக் கூட்டமைப்பு, தன்னார்வலர்களை வாழும் காலத்திலிருந்தே தொடர்ந்து கவனித்துவருவது இதற்காகத்தான்.

கேள்வி: எடுத்தபின் என்ன செய்வார்கள்?

பதில்: பொதுவாக ஒரு பாதியை, திசுவைக் கெடாமல் இறுகச் செய்யும் ஃபார்மலின் திரவத்தில் ஏறத்தாழ இரண்டு வாரம் ஊறவைப்பார்கள். ஊறாத மூளை கையில் தளர்ந்து சரியும். ஊறிய பின்தான் ஒழுங்காக நறுக்க வரும். மறுபாதியைத் துண்டுகளாக்கி உறையவைத்து, −80 பாகை செல்சியஸில் வைப்பார்கள். அணுக்களில் உள்ள ஆர்.என்.ஏ. என்ற மரபுச் செய்தி மூலக்கூறு விரைவில் சிதையும் என்பதால், இறப்புக்கும் திசு எடுப்பதற்கும் இடையே ஒரு நாளுக்கு மேல் ஆகாமலிருப்பது நல்லது.

கேள்வி: முகம் சிதைந்துவிடுமா?

பதில்: சிதையாது. பின்னந்தலையில், காதுக்குக் காது, முடிக்குள் மறையுமாறு கீறித் தைத்துவிடுவார்கள்.

கேள்வி: எனக்கு எச்.ஐ.வி. இல்லை. நானும் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்கத் தொற்றில்லாத மூளைகளும் வேண்டும்.

கேள்வி: கையெழுத்திட்டுவிட்டேன். அது போதுமா?

பதில்: போதாது. உங்கள் இறப்பைத் திசு வங்கிக்குத் தெரிவிக்கவேண்டியவர்கள் உங்கள் வீட்டார். பல இடங்களில் அவர்களுடைய ஒப்புதலும் தேவைப்படும். எனவே இந்த முடிவை இப்போதே அவர்களிடம் சொல்லி, வங்கியின் தொலைபேசி எண்ணை அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள்.