தாத்தாவின் சவரக்கத்தியை வீட்டிலேயே தீட்டிப் பயன்படுத்த முடியுமா?

பரணில் தாத்தாவின் மடக்குச் சவரக்கத்தி கிடைத்தது, ஆங்காங்கே துருப்புள்ளி இருக்கிறது, காகிதத்தைக்கூட வெட்டவில்லை, சாணை பிடிக்கிறவரிடம் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொடுக்காதீர்கள். ஒரு நல்ல கத்தியைப் பலிகொடுத்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

எங்கள் வீடு புதுச்சேரி குருசுக்குப்பத்தில். தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கியவர்; எங்கள் ஊர் வழக்கில் சொல்தா. அவருடைய பெட்டியில் இரண்டு சவரக்கத்திகள் இருந்தன. ஒன்றில் சோலிங்கன் என்று முத்திரை, மற்றொன்றில் தியேர். முன்னது ஜெர்மனியிலும் பின்னது பிரான்சிலும் கத்திக்குப் பேர்போன ஊர்கள். சோலிங்கன் கத்தியைத் தெருவில் சைக்கிளில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்தேன். அரிவாள்மணைக்குப் பிடிப்பதைப் போலவே இதையும் சக்கரத்தில் வைத்தார். தீப்பொறி பறந்தது. இரண்டே நிமிடத்தில் வெட்டும் வாயோரம் முழுக்க நீலம் பாய்ந்துவிட்டது. எஃகு அந்த நிறத்துக்கு வந்தால் ஏறக்குறைய 300 டிகிரி சூடு ஏறியிருக்கிறது, பதம் இறங்கிவிட்டது என்று பொருள். அதன் பிறகு எவ்வளவு தீட்டினாலும் அந்த இடத்தில் கூர் நிற்காது. அவர்மேல் குற்றமில்லை, கொடுத்தவன் நான்.

முத்தியால்பேட்டையில் எனக்கு முடி வெட்டும் பெரியவரிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இது அரிவாள் இல்லையே" என்றார். தியேர் கத்தியைத் தீட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

சவரக்கத்தியைத் தட்டையான கல்லில் படுக்க வைத்துப் பாருங்கள். இரு பக்கமும் குடைந்திருப்பதால் முதுகும் வாயும் மட்டுமே கல்லைத் தொடும். கோணத்தைச் செய்தவனே கத்திக்குள் வைத்துவிட்டான். இரு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 16, 17 டிகிரி வரும். சமையலறைக் கத்திக்குச் செய்வது போல முதுகைத் தூக்கிப் பிடித்தால் அந்தக் கணக்கு கெட்டுவிடும். முதுகு எப்போதும் கல்லில் படிந்தே இருக்க வேண்டும், வாய் முன்னே போக வேண்டும், கத்தியின் எடையே அழுத்தமாகப் போதும். கத்தி கல்லின் அகலத்தைவிட நீளம் என்பதால் நேராகத் தள்ளாமல் குறுக்காக இழுத்துக்கொண்டே போகவும்.

கற்களில் எண் கூடக் கூடப் பொடி நுண்மையாகும். கத்தியின் வாய் பல் பல்லாகப் பெயர்ந்திருந்தாலோ துரு வாயைத் தொட்டிருந்தாலோ மட்டும் 1000ஆம் எண்ணில் தொடங்குங்கள்; இல்லையென்றால் அதைத் தொடவே வேண்டாம். பிறகு 4000, 8000. அதற்கு மேல் 12000 வைத்திருப்பவர்களும் உண்டு. என் கன்னத்துக்கு 8000 போதும், மிச்சத்தை, கத்தியை இழுத்துத் தீட்டும் தோல் பட்டை பார்த்துக்கொள்ளும். கல் நடுவில் குழிந்திருந்தால் எல்லாம் வீண். அதன்மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, தடித்த கண்ணாடியில் விரித்த 400 எண் உப்புத்தாளில் நீர்விட்டுத் தேயுங்கள். கோடு முழுவதும் அழிந்தால் கல் சமமாகிவிட்டது. கத்தியின் வாயோரத்திலும் மார்க்கர் பேனாவால் கறுப்பு பூசிவிட்டு நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். கறுப்பு எங்கே மிஞ்சியிருக்கிறதோ அங்கே கல் படவில்லை. கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் கண்ணில் மாட்டும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொண்டால் பாதி ஊகவேலை மிச்சம்.

இவ்வளவு சொன்னாலும் கல் வேலை எனக்கு மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறைதான் வருகிறது. தினசரி வேலை தோல் பட்டையில். புதிதாகக் கத்தி வாங்குகிறவர்கள் வாரம் தவறாமல் கல்லில் போட்டு, முதுகையும் வாயையும் தேய்த்தே தீர்த்துவிடுகிறார்கள்.

2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு கேள்விக்கு விடை தேடினார்கள்: எஃகைவிட 50 மடங்கு மென்மையான முடி, எஃகை எப்படி மழுங்கடிக்கிறது? எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் வைத்து முடியை வெட்டிப் பார்த்தார்கள். வாய் மெல்லமெல்லத் தேயவில்லை. முடி வளைந்து பக்கவாட்டில் மோதும் இடத்தில் நுண்ணிய சில்லாகப் பெயர்ந்திருந்தது. அவர்கள் சோதித்தது சாதாரண பிளேடு. ஆனால் நம் கத்திக்கும் அதில் பாடம் இருக்கிறது. முடி வளையாமல் இருக்கக் கன்னத்துத் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும்; எளிதில் வெட்டுப்பட முடியை நன்றாக ஊறவைத்து மென்மையாக்க வேண்டும். குளித்த கையோடு சவரம் செய்தால் கத்தி நெடுநாள் உழைப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

தோல் பட்டையில் திசை தலைகீழ்: முதுகு முன்னே, வாய் பின்னே. சவரத்துக்கு முன் 40, 50 இழுப்பு. ஓரத்துக்கு வந்ததும் கத்தியை முதுகின் மேல் புரட்ட வேண்டும். வாயின் மேல் புரட்டினால் பட்டை வெட்டுப்படும். என் முதல் பட்டையில் அப்படி ஏழு வெட்டுகள். பட்டை தொய்யாமல் இறுக்கமாக இருக்கட்டும், தொய்ந்தால் வாய் உருண்டுவிடும். கடையில் விற்கும் பெல்ட்டுகள் பலவற்றில் மேலே பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் அவை உதவா. தாவரப் பட்டையில் பதனிட்ட தோல் வேண்டும். நம் பக்கத்தில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில்தான் பதனிட்டார்கள். தோல் பை தைக்கும் பட்டறைகளில் மூன்று அங்குல அகலத்துக்கு வெட்டுத்துண்டு கேட்டால் கொடுப்பார்கள்.

இனி துரு. எங்கள் ஊர்க் கத்திக்கு முடியைவிடக் கடற்காற்று பெரிய எதிரி. பழைய கத்திகள் கார்பன் எஃகு. ஒரு இரவு ஈரத்தோடு விட்டால் காலையில் பழுப்புப் புள்ளி தெரியும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியபோது, வீட்டுக்குள் வந்த நீரில் என் பெட்டியும் நனைந்தது. நான் கவனித்தது மூன்றாம் நாள். வாயிலிருந்து அரை அங்குலம் தள்ளித் துரு பிடித்திருந்ததால் தப்பியது. எண்ணெய் தொட்ட 2000 எண் உப்புத்தாளால் மெதுவாகத் துடைத்தெடுத்தேன். உங்கள் கத்தியிலும் துரு மேலோட்டமாக இருந்தால் இதுவே போதும். வாயிலேயே குழி விழுந்திருந்தால் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அழகு பாருங்கள், கன்னத்தில் வைக்காதீர்கள்.

பயன்படுத்தியதும் கழுவி, துணியால் துடைத்து, சிறிது நேரம் திறந்தே வைத்து உலரவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினை ஒரு சொட்டுத் தடவுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் சிக்குப்பிடிக்கும். குளியலறையில் வைக்கவே கூடாது. கைப்பிடியையும் முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசனை வந்தால் அது செல்லுலாய்டாக இருக்கலாம். அதைச் செய்யக் கற்பூரம் சேர்ப்பார்கள். பழைய செல்லுலாய்டு சிதையும்போது வெளிவரும் அமில ஆவியே கத்தியைத் துருப்பிடிக்க வைக்கும். விரிசலோ பிசுபிசுப்போ இருந்தால் கைப்பிடியை மாற்றிவிடுங்கள்.

முதல் முறைக்கு முன் ஸ்பிரிட்டால் நன்றாகத் துடையுங்கள். வீட்டில் இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். மஞ்சள்காமாலைக் கிருமியான ஹெபடைட்டிஸ் பி போன்றவை ரத்தம் வழியாகப் பரவும் என்பதால்தான் சலூன்களில் ஒருவருக்கு ஒரு பிளேடு என்று மாறினார்கள். கத்தியைக் கன்னத்திலிருந்து 30 டிகிரி அளவுக்கு மட்டும் தூக்கிப் பிடியுங்கள். கீறினால் படிகாரம் இருக்கிறது. முதல் இரண்டு வாரம் கன்னம் மட்டும் போதும், தாடை பிறகு. மேலுதட்டுக்கு நான் இன்னமும் சாதாரண ரேசரைத்தான் பயன்படுத்துகிறேன். பெரியவரிடம் இதைச் சொல்லவில்லை.