மாதவிடாய் நாளில் கடலுக்கடியில் இறங்கலாமா? ஸ்கூபா பெண்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஸ்கூபா (காற்று சிலிண்டரோடு கடலுக்கடியில் நீந்துவது) பயிற்சியாளராக இருப்பதால் பெண்கள் என்னைத் தனியாக ஓரமாக அழைத்துக் கேட்கும் கேள்விகள் இவை. இந்த முறை எல்லோருக்கும் பொதுவிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் போக வேண்டிய இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, அடுத்த வாரம் என் முதல் டைவ். சரியாக அன்றைக்குத்தான் பீரியட்ஸ் வரும்போல இருக்கிறது. ரத்த வாடைக்குச் சுறா வந்துவிடும் என்று தோழிகள் பயமுறுத்துகிறார்கள்.

தைரியமாகப் போங்கள். ஒரு மாதவிடாய் முழுவதிலும் வெளியேறும் ரத்தம் சாதாரணமாக 30 முதல் 40 மில்லிதான். அது பல நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் போவது. முக்கால் மணி நேர டைவில் எவ்வளவு போய்விடப் போகிறது? டேம்பானோ (உள்ளே வைக்கும் பஞ்சுச் சுருள்) கப்போ (உள்ளே வைத்து ரத்தத்தைப் பிடிக்கும் சிறு கிண்ணம்) வைத்திருந்தால் அதுவும் பெரும்பாலும் தண்ணீரில் கலக்காது. மாதவிடாயில் இருக்கும் பெண்களைச் சுறா அதிகம் தாக்குகிறது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. இந்தப் பயத்தால் மட்டும் எத்தனை பெண்கள் பணம் கட்டிய டைவை விட்டுவிட்டுப் படகிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: கப் வைத்துக்கொண்டு 20 மீட்டர் ஆழத்துக்குப் போனால் அழுத்தத்தில் உள்ளே மாட்டிக்கொள்ளாதா?

மாட்டிக்கொள்ளாது. 10 மீட்டர் ஆழத்தில் காற்றின் கன அளவு பாதியாகச் சுருங்கும், 20 மீட்டரில் மூன்றில் ஒரு பங்காகும் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். அது முகமூடிக்கும் காதுக்கும் பிரச்சினை, ஏனென்றால் அங்கே காற்று அடைபட்டிருக்கிறது. யோனி அப்படி அடைபட்ட கூடு இல்லை. சுவர்கள் மென்மையானவை, ஒன்றோடொன்று ஒட்டியே இருப்பவை. கப்பும் வளைந்து கொடுக்கும் சிலிக்கான்தான். உள்ளே துளி காற்று இருந்தாலும் சுருங்கும், மேலே வரும்போது விரியும், அவ்வளவுதான். சிலருக்கு மேலே வந்ததும் லேசாகக் கசியும்; அதற்கு ஒரு கறுப்பு நீச்சலுடை போதும். காப்பர்-டி போன்ற கருத்தடைச் சாதனம் வைத்திருப்பவர்கள் மட்டும் கப்பை எடுக்கும்போது அடிப்பாகத்தை அழுத்தி, பிடிப்பைத் தளர்த்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். இது கரையிலும் அப்படித்தான்.

கேள்வி: டேம்பான்?

நன்றாகவே பயன்படும். நூலை உள்ளே தள்ளி மடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் வெட்சூட்டை (உடம்பை ஒட்டிய டைவிங் உடை) இழுத்து ஏற்றும்போது அது மாட்டும். டைவ் முடிந்து வந்ததும் மாற்றிவிடுங்கள். எப்படியும் 8 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. திடீரென்று கடும் காய்ச்சல், வாந்தி, தோலில் தடிப்பு, தலைசுற்றல் வந்தால் எடுத்துப் போட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. நாப்கின் தவிர வேறு எதுவும் பழக்கமில்லை. நாப்கினோடு இறங்கலாமா?

வேண்டாம் அம்மா. நாப்கின் கடல் தண்ணீரை உறிஞ்சி ஊதிவிடும், ரத்தத்தைப் பிடிக்காது. ரத்தப்போக்கு குறைந்த நாளாக இருந்தால், பீரியட்ஸுக்கென்றே வரும் நீச்சலுடையை வெட்சூட்டுக்குள் போட்டுக்கொள்ளலாம். டேம்பானால் கன்னித்தன்மை போய்விடாது. ஆனால் பயணத்தின் அவசரத்தில், முதல்முறையாக, ஆடும் படகில் அதைப் பழகச் சொல்லாதீர்கள். இரண்டு மூன்று மாதம் முன்பே வீட்டில் நிதானமாகப் பழகட்டும். அவளுக்கு விருப்பமில்லை என்றால் அந்த ஒரு நாள் டைவ் வேண்டாம்; கடல் எங்கேயும் போகாது.

கேள்வி: பீரியட்ஸ் நேரத்தில் டீகம்ப்ரஷன் நோய் வர வாய்ப்பு அதிகம் என்கிறார்களே?

ஆழத்திலிருந்து மேலே வரும்போது அழுத்தம் குறைந்து, உடம்பில் கரைந்திருக்கும் வாயு குமிழ்களாவதால் வருவதுதான் டீகம்ப்ரஷன் நோய். சில ஆய்வுகள் மாதவிடாய்ச் சுழற்சிக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று காட்டியிருக்கின்றன. முடிவான ஆதாரம் என்று எதுவும் இன்னும் இல்லை. டைவிங்குக்குத் தடையும் இல்லை. ஆனால் அந்த நாட்களில் நான் என் மாணவிகளுக்குச் சொல்வது: எல்லையைத் தொடாதீர்கள். ஆழத்தைக் கொஞ்சம் குறையுங்கள், நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறாதீர்கள், 5 மீட்டரில் சேஃப்டி ஸ்டாப்பை (மேலே வரும் வழியில் சற்று நின்று வருவது) 3 நிமிடத்தோடு முடிக்காமல் 5 நிமிடமாக்குங்கள், இரண்டு டைவ்களுக்கு நடுவில் அதிகம் ஓய்வெடுங்கள். அப்புறம், தண்ணீர் குடியுங்கள். கழிவறைக்குப் போக வேண்டிவருமே என்று காலையிலிருந்து வாயை நனைக்காமல் படகேறும் பெண்கள் நிறையப் பேர். பீரியட்ஸில் இந்தப் பழக்கம் இன்னும் மோசம்.

கேள்வி: வயிற்றுவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு டைவ் பண்ணலாமா?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். உங்களுக்கு ஏற்கெனவே ஒத்துக்கொண்ட ஐபுப்ரூஃபன், பாராசிட்டமால் போன்றவற்றை டைவுக்கு முன் சாப்பாட்டோடு போட்டுக்கொள்வதில் பொதுவாகத் தவறில்லை. வயிற்றுப்புண், ஆஸ்துமா இருப்பவர்கள் ஐபுப்ரூஃபனுக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். வயிற்றுப் பிடிப்புக்குத் தரும் டைசைக்ளோமின் கலந்த மாத்திரைகள் வேண்டாம். அவை சிலருக்குத் தூக்கக் கலக்கமும் பார்வை மங்கலும் தரும். மாத்திரை போட்டும் வலி சுருட்டிப் பிடிக்கிறது என்றால் அன்றைக்கு இறங்காதீர்கள்.

நான் உண்மையில் பயப்படுவது டைவுக்குப் பிறகு வரும் வலிக்குத்தான். தண்டுவடத்தைத் தாக்கும் டீகம்ப்ரஷன் நோய் சில சமயம் இடுப்பிலும் அடிவயிற்றிலும் பட்டை கட்டி இறுக்குவது போன்ற வலியோடுதான் ஆரம்பிக்கும். பீரியட்ஸில் இருக்கும் பெண் அதை “வழக்கமான வலிதான்” என்று ஒரு மாத்திரையோடு படுத்துவிடுவாள். இங்கேதான் ஆபத்து. உங்கள் மாத வலி எங்கே தொடங்கும், எப்படிப் பரவும் என்று உங்களுக்கே நன்றாகத் தெரியும். அதிலிருந்து மாறுபட்ட வலியா? கால் மரத்துப்போகிறதா, ஊசி குத்துவது போல் இருக்கிறதா, நடை தள்ளாடுகிறதா, சிறுநீர் வராமல் முட்டுகிறதா? உடனே உடன் வந்தவர்களிடம் சொல்லுங்கள். 100 சதவீத ஆக்ஸிஜன் வைக்கச் சொல்லுங்கள், அவசர மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். கடைசியில் வெறும் பீரியட்ஸ் வலி என்று தெரிந்தாலும் யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: வெயிட் பெல்ட் அடிவயிற்றிலேயே அழுத்துகிறது, உப்புசம் வேறு.

பெல்ட்டை இறக்கி இடுப்பெலும்பின் மேல் உட்கார வையுங்கள். முடிந்தால் எடையை பிசிடியின் (சிலிண்டரை மாட்டும், காற்று நிரப்பும் மேல்சட்டை) பைகளுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள், பிசிடியின் வயிற்றுப் பட்டையையும் ஒரு பிடி தளர்த்துங்கள். அவசரத்தில் எடையைக் கழற்றும் விதம் மாறிவிடும் என்பதால் இறங்கும் முன் ஒருமுறை செய்து பாருங்கள்.

கேள்வி: படகில் எங்கே மாற்றுவது?

கப் வைத்திருந்தால் கிளம்பும் முன் காலி செய்துவிட்டு ஏறுங்கள். 12 மணி நேரம் வரை வைத்திருக்கலாம் என்பதால் கரைக்குத் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம். மற்றபடி ஒரு குடிநீர் பாட்டில், சோப்பு, டிஷ்யூ, உள்ளே தெரியாத ஜிப் கவர் இரண்டு, சுற்றிக்கொள்ள ஒரு பெரிய துண்டு. கடலில் எறியவே கூடாது. படகுக் கழிவறையிலும் போடாதீர்கள், அடைத்துக்கொள்ளும். கவரில் போட்டுக் கரைக்குக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: நான் ஆண் பயிற்சியாளன். இதை எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை அக்கா.

யாரையும் தனியாகக் கேட்காதீர்கள் தம்பி. கிளம்பும் முன் எல்லோருக்கும் பொதுவாகக் கழிவறை எங்கே, குப்பைத்தொட்டி எங்கே என்று சொல்லுங்கள். எந்தக் காரணமும் சொல்லாமல் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் டைவை நிறுத்தலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். புரிய வேண்டியவர்களுக்குப் புரிந்துவிடும்.

கேள்வி: மாத்திரை போட்டுத் தள்ளிப்போடலாமா?

மகப்பேறு மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும். ஹார்மோன் மாத்திரைகளில் சிலருக்கு ரத்தம் உறையும் அபாயம் உண்டு; தோழி போட்டாள் என்று போடாதீர்கள்.

கேள்வி: எனக்கு ரத்தப்போக்கு மிக அதிகம். மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது.

முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். 12-க்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. சிலிண்டரைச் சுமந்து ஏணி ஏற, நீரோட்டத்தை எதிர்த்து நீந்த உடம்பில் தெம்பு வேண்டும். சிகிச்சை எடுத்து, மருத்துவர் சரி என்ற பிறகு வாருங்கள்.

கேள்வி: எனக்கு இந்த முறை பத்து நாள் தள்ளிப்போயிருக்கிறது. நல்லதாகப் போயிற்று, டைவில் தொல்லை இல்லை!

கர்ப்பமாக வாய்ப்பு இருக்கிறதென்றால் முதலில் பரிசோதித்துவிட்டு வாருங்கள். கர்ப்ப காலத்தில் ஸ்கூபா கூடவே கூடாது, எத்தனை மீட்டராக இருந்தாலும் சரி. முடிவு தெரியாதவரை ஸ்நார்க்கலிங் (குழாயால் மூச்சு விட்டு நீர்மட்டத்திலேயே நீந்துவது) மட்டும் போங்கள்.