மூன்று முறை காற்று எடுத்தும் கிளட்ச் சரியாகவில்லை

கேள்வி: 1970ஆம் ஆண்டு எம்ஜிபி கார் ஒன்றை வாங்கினேன். கிளட்சை இயக்கும் ஆயில் குழாயில் ஏர் (காற்று) பிடித்திருக்கிறது, எடுத்துவிட்டால் போதும் என்றார் விற்றவர். மூன்று முறை எடுத்தாயிற்று. ரிவர்ஸ் கியர் இன்னும் கரகரவென்று உரசித்தான் விழுகிறது. காற்றை அழுத்தத்தால் வெளியேற்றும் பிளீடிங் கருவி வாங்கலாமா? டாட் 5 என்ற வகை கிளட்ச் ஆயிலுக்கு மாறச் சொல்கிறார்களே, மாறலாமா?

பதில்: இரண்டையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். மூடிய குழாய்க்குள் காற்று தானாக வராது. யாரும் குழாயைக் கழற்றவில்லை என்றால், எங்கோ ஆயில் கசிகிறது. கசிவை அடைக்காமல் எத்தனை முறை காற்று எடுத்தாலும் அது திரும்பி வரும்.

கியர்பாக்ஸ் பக்கத்தில் இருந்து, ஆயிலின் அழுத்தத்தால் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சீல் போய்விட்டது. பெடலுக்கு மேலே, மிதிக்கும்போது ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் அடியில் ஆயில் பட்டுப் பெயின்ட் உரிந்திருந்தாலும் அதே கதைதான். சிலிண்டரின் உட்சுவர் வழவழப்பாக இருந்தால் சீல் மட்டும் மாற்றுங்கள். துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தால் புது சீலும் நிற்காது, சிலிண்டரையே மாற்றுவதுதான் சிக்கனம்.

கசிவே இல்லையா? பெடலையும் மாஸ்டர் சிலிண்டர் தண்டையும் இணைக்கும் பின்னைக் கழற்றி நகத்தால் வருடிப் பாருங்கள். நடுவில் நகம் தடுக்கி விழும் அளவுக்குத் தேய்ந்திருக்கும். பெடலின் துளையும் முட்டை வடிவமாகியிருக்கும். நீங்கள் மிதிக்கும் மிதியில் ஒரு பகுதி அங்கேயே வீணாகிறது. பெரும்பாலானோர் இதைத்தான் காற்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சின்னப் பின்னை மாற்றாமல் எந்தக் கருவியையும் வாங்காதீர்கள்.

அடுத்து, ஒருவரை பெடலை மிதிக்கச் சொல்லி ஸ்லேவ் தண்டு எவ்வளவு நகர்கிறது என்று அளந்து பாருங்கள். ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் நகர்ந்தும் கியர் உரசினால் கோளாறு கிளட்சுக்குள்ளேயே இருக்கிறது. அது எஞ்ஜினை இறக்கிச் செய்ய வேண்டிய வேலை. விற்றவரிடம் விலை பற்றிப் பேச வேண்டியது இந்த இடத்தில்தான்.

உண்மையிலேயே காற்றுதான் என்றால் ஸ்லேவ் சிலிண்டரைக் கழற்றி, குழாய் இணைந்தபடியே தொங்கவிட்டு, பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளுங்கள். மேலே ஆயில் டப்பாவில் குமிழ்கள் வரும். அவை நிற்கும்வரை தொடருங்கள். அந்த நேரத்தில் பெடலை யாரும் மிதிக்கக் கூடாது, பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

ஆயிலைப் பொறுத்தவரை டாட் 4 போதும். டாட் 5 சிலிக்கான் வகை. பழைய ஆயிலோடு கலக்காது, மாறினால் எல்லாவற்றையும் கழுவி, சீல்களையும் மாற்ற வேண்டும். டாட் 5.1 அப்படியல்ல, டாட் 4 உடன் சேரும். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். சிறிய டின்னாக வாங்குங்கள், திறந்துவைத்த ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஒரு சொட்டு பெயின்ட் மேல் பட்டாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.