புல்வெளித் தேனீ புது இனமா? பணம் கட்டும் முன் படியுங்கள்

கேள்வி: அமெரிக்காவின் மேரிலாந்தில் இருக்கிறோம். ஒவ்வொரு ஏப்ரலிலும் வீட்டுப் பின்புறப் புல்வெளியில் எறும்புப் புற்று மாதிரிச் சின்னச் சின்ன மண்மேடுகள் வருகின்றன. நடுவில் பென்சில் நுழையும் அளவுக்குத் துளை. தேனீ போன்ற பூச்சிகள் அதில் போய் வருகின்றன. எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் நாற்பது படம் எடுத்திருக்கிறாள். செல்போன் ஆப் படத்துக்கு ஒரு பெயர் சொல்கிறது. எல்லாத் தேனீக்கும் கறுத்த முகம். இரண்டுக்கு மட்டும் வாய்க்கு மேலே வெளிர்மஞ்சளாக இருக்கிறது. "புது இனமாக இருக்கலாம். 350 டாலர் கட்டினால் டிஎன்ஏ பார்த்து, உங்கள் மகள் பெயரையே வைத்துச் சான்றிதழ் தருகிறோம்" என்று இணையத்தில் ஒருவர் சொல்கிறார். கட்டலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கட்டாதீர்கள். ஒரு டாலர்கூட வேண்டாம்.

விலங்கின் பெயருக்குச் சான்றிதழ் தரும் அலுவலகம் உலகில் எங்குமே கிடையாது. பெயர் வைக்க விதிகள்தான் உண்டு. அவற்றை வகுப்பது சர்வதேச விலங்கியல் பெயரிடல் ஆணையம். அந்த விதிப்படி ஒரு புது இனப் பெயர் செல்லுபடியாக வேண்டுமானால் அது ஆய்வுக் கட்டுரையாக வெளியாக வேண்டும். மற்ற இனங்களிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது என்ற விவரம் அதில் இருக்க வேண்டும். ஊசியில் குத்திய ஒரே ஒரு உடலை 'ஹோலோடைப்', அதாவது அந்தப் பெயருக்கான மூல மாதிரி என்று குறிப்பிட்டு, அது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கும் என்றும் எழுத வேண்டும். இது 2000ஆம் ஆண்டு முதல் கட்டாயம். கட்டுரை மின்வடிவில் மட்டும் வந்தால் ஜூபேங்க் என்ற பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும். அந்தப் பதிவு இலவசம். உங்களிடம் பேசியவர் காட்டப்போகும் 'பதிவு எண்' அநேகமாக அதுதான். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுத்துவிட்டால் இனம் உண்மையாகிவிடாது.

இதில் எனக்கு ஆற்றாமையாக இருப்பது ஒன்று. கட்டுரையை வேறொரு நிபுணர் சரிபார்த்திருக்க வேண்டும் என்று விதியில் இல்லை. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி ஆய்விதழில் வந்தால்கூட, மேலே சொன்ன நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால் அந்தப் பெயர் கணக்கில் ஏறிவிடும். பிறகு அது அழியாது. ஏற்கெனவே உள்ள ஒரு இனத்துக்கு வைத்த இரண்டாவது பெயர்தான் அது என்று நிரூபிக்க, இன்னொருவர் மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். வட அமெரிக்கத் தேனீக்களின் பெயர்ப் பட்டியலில் இப்படி வந்து சேர்ந்த இரட்டைப் பெயர்கள் ஏராளம். பழைய மூல மாதிரிகளோ சில பிலடெல்பியாவில், சில இல்லினாயில், சில லண்டனில் கிடக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்காமல் 'புதுசு' என்று சொல்பவர் ஏமாற்றுகிறார், அல்லது அவருக்கே தெரியவில்லை.

இனி உங்கள் தேனீக்கு வருவோம். ஏப்ரல், மண்மேடு, நடுவில் துளை, கிழக்குக் கரை மாநிலம் என்று நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் இது பெரும்பாலும் ஆண்ட்ரீனா என்ற பேரினம். கூட்டமாக வாழும் ஐரோப்பியத் தேன்கூட்டுத் தேனீ அல்ல. இந்த மண்ணுக்கே உரிய தனித்தேனீ. ஒவ்வொரு துளையும் ஒரு தாயின் தனி வீடு. உலகில் சுமார் 1,500 ஆண்ட்ரீனா இனங்கள் இருக்கின்றன. வட அமெரிக்காவில் மட்டும் நானூறுக்கும் மேல். வாலஸ் லபெர்ஜ் என்ற பூச்சியியலாளர் 1967இல் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் பகுதி பகுதியாக இவற்றை வகைப்படுத்தி எழுதினார். இன்றும் நிபுணர்கள் கையில் எடுப்பது அதைத்தான்.

ஆப் ஏன் தடுமாறுகிறது என்றால், பெயரை முடிவு செய்யும் அடையாளங்கள் படத்தில் விழுவதில்லை. முதுகுத் தகட்டில் ஊசியால் குத்தியது போன்ற குழிகள் இருக்கும். இரண்டு குழிகளுக்கு நடுவே ஒரு குழியின் அகலம் இடைவெளியா, பாதி அகலமா என்று பார்க்க வேண்டும். இடையில் உள்ள பரப்பு வழவழப்பா, மங்கலா என்று பார்க்க வேண்டும். பெண்ணின் கண்ணோரத்தில் வெல்வெட் துணியை ஒட்டிவைத்தது போல ஒரு பள்ளம் மேலிருந்து கீழாக ஓடும். ஆண்ட்ரீனாவின் முத்திரையே அதுதான். ஒளி பக்கவாட்டில் விழும்போதுதான் அது தெளிவாகத் தெரியும். அதன் அகலத்தை வைத்து இனங்களைப் பிரிப்பார்கள். இதற்கெல்லாம் குறைந்தது 40 மடங்கு பெரிதாக்கும் ஸ்டீரியோ மைக்ராஸ்கோப் வேண்டும். ஆகவே ஆப்பில் 'ஆண்ட்ரீனா' என்பதோடு நின்றுகொள்ளுங்கள். அதற்குக் கீழே அது சொல்லும் பெயரை நம்ப வேண்டாம். ஆப்பைப் பயன்படுத்தும் வேறு இரண்டு பேர் 'ஆமாம்' என்று வாக்களித்திருந்தாலும் வேண்டாம், அவர்களும் பார்த்தது அதே படத்தைத்தான்.

மஞ்சள் முகம்? அநேகமாக ஆண். ஆண்ட்ரீனாவில் பல இனங்களில் ஆணுக்கு மட்டும் வாய்க்கு மேலுள்ள தகடு வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருக்கும். ஒரே இனத்தின் ஆணையும் பெண்ணையும் இரண்டு இனங்களாக நினைப்பது எல்லோருக்கும் நேரும் முதல் தவறு. உணர்கொம்பின் கணுக்களை மகளையே எண்ணச் சொல்லுங்கள். அடிக்காம்பையும் சேர்த்து 13 இருந்தால் ஆண், 12 இருந்தால் பெண். ஆணுக்குப் பின்னங்காலில் மகரந்தம் சுமக்கும் அடர்ந்த மயிர்க்கற்றை இருக்காது, கொட்டவும் கொட்டாது.

எண்ணிப் பார்த்தால் 12தான் வருகிறது, முகமோ மஞ்சள், கால்மயிரும் மெலிந்து கிடக்கிறது என்றால்? அரிதாகத்தான் நடக்கும். ஆனால் 'புது இனம்' என்று கிளம்பும் பல கதைகளின் வேர் இதுதான் என்பதால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். அந்தத் தேனீயின் வயிற்றை மேலிருந்து, வரிசையாக அடுக்கிய தகடுகளுக்கு இடையே உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் நான்காவது தகட்டின் ஓரத்தை லேசாகத் தூக்கிக்கொண்டு, பழுப்பு நிறத்தில் தட்டையாக, எள்ளை விடச் சிறியதாக ஏதோ துருத்திக்கொண்டிருக்கும். அழுக்கு என்று நினைத்து ஊசியால் நெம்பிவிடாதீர்கள். அது ஸ்டைலாப்ஸ் என்ற ஒட்டுண்ணிப் பூச்சியின் தலைப்பக்கம். பெண் ஸ்டைலாப்ஸ் உள்ளே புகுந்தபின் வாழ்நாள் முழுக்கத் தேனீயின் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். அந்த நுனி மட்டும் வெளியே தெரியும். ஆண் ஸ்டைலாப்ஸாக இருந்து பறந்துபோயிருந்தால் அந்த இடத்தில் வெறும் ஓட்டைதான் இருக்கும். தேனீ புழுவாக இருக்கும்போதே இது உள்ளே புகுந்துவிடுவதால் வளர்ச்சி குழம்புகிறது. பெண்ணுக்கு ஆணின் சாயல் வரும்: முகத்தில் மஞ்சள் தெரியும், கண்ணோரப் பள்ளம் குறுகும், கால்மயிர் குறையும். ஆணுக்கு நேரெதிராக முகத்து மஞ்சள் மங்கும். இப்படிப்பட்ட தேனீக்கள் மற்றவற்றுக்குச் சில நாள் முன்பே வெளியே வரும். பெரும்பாலும் மகரந்தம் சேர்க்காது. முந்தைய தலைமுறை வல்லுநர்களே இவற்றைப் பார்த்து ஏமாந்து புது இனமென்று விவரித்திருக்கிறார்கள். அந்தப் பெயர்களைப் பின்னால் வந்தவர்கள் நீக்க வேண்டியிருந்தது. ஆகவே விசித்திரமாக ஒன்று கிடைத்தால் முதலில் வயிற்றைப் பாருங்கள். பெயரைப் பற்றி யோசிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

சரி, உண்மையான பெயர் வேண்டுமென்றால் மாதிரி எடுக்கத்தான் வேண்டும். உங்கள் சொந்தப் புல்வெளியில் எடுக்கலாம். தேசியப் பூங்காவிலும் மாநிலப் பூங்காவிலும் அனுமதிச் சீட்டு இல்லாமல் கூடாது. மூன்று பெண், மூன்று ஆண் போதும். நூற்றுக்கணக்கில் கூடு இருக்கும் இடத்தில் அதனால் குறை வராது. துளைக்கு மேல் கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்தால் வெளியே வரும் பெண் சிக்கும். ஆண்கள் தரையை ஒட்டித் தாழப் பறந்து சுற்றுவார்கள், அவர்களுக்கு வலைதான். பிடித்ததை மூடியுள்ள குப்பியில் போட்டு ஒரு நாள் ஃப்ரீஸரில் வையுங்கள். மயிர் ஒட்டிப்போயிருந்தால், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்புக் கலந்த நீரில் குலுக்கி அலசி, டிஷ்யூவில் ஒற்றி, ஹேர்டிரையரின் மிதமான காற்றில் காட்டுங்கள். மயிர் மறுபடி எழுந்து நிற்கும். காலில் மகரந்தம் இருந்தால் அந்தத் தேனீயைக் கழுவ வேண்டாம். ஸ்பிரிங் பியூட்டி என்ற காட்டுப் பூவின் மகரந்தம் இளஞ்சிவப்பு. அந்தப் பூவின் மகரந்தத்தையே நம்பி வாழும் ஆண்ட்ரீனா இனம் ஒன்று உங்கள் பகுதியில் உண்டு. அந்த நிறத்தைப் பார்த்தாலே பட்டியலிலிருந்து பல பெயர்களை அடித்துவிடலாம்.

குத்துவதற்குப் பூச்சி ஊசி எண் 2 வாங்குங்கள். தையல் குண்டூசி துருப்பிடிக்கும். நெஞ்சின் மேல்தகட்டில் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கம் குத்த வேண்டும், நடுவில் அல்ல. வலது பக்கம் சிதைந்தாலும் இடது பக்க அடையாளம் முழுசாக இருக்கும் என்பதற்காக. ஆணின் வயிற்று நுனியிலிருந்து இனப்பெருக்க உறுப்பை, உடல் இளக்கமாக இருக்கும்போதே, கொக்கி போல் வளைத்த நுண்ணூசியால் பாதி வெளியே இழுத்துவிட்டால் நிபுணருக்குப் பேருதவி. காய்ந்துவிட்டால் இழுக்காதீர்கள், முறிந்துவிடும். ஈரமான டிஷ்யூ வைத்த மூடிய டப்பாவில் ஒரு நாள் வைத்தால் மறுபடி இளகும். அதற்கு மேல் வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

இத்தனையும் செய்துவிட்டு லேபிளைக் கோட்டைவிட்டால் எல்லாம் வீண். நாடு, மாநிலம், கவுன்டி, ஊர், அட்சரேகை, தீர்க்கரேகை (தசமத்தில், புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம்), தேதி, எந்தப் பூவில் அல்லது எந்தத் துளையில், பிடித்தவர் பெயர். மாதத்தை ரோமன் எண்ணில் அல்லது எழுத்தில் எழுதுங்கள். 4/7 என்று எழுதினால் அமெரிக்கர் ஏப்ரல் ஏழு என்பார், மற்றவர் ஜூலை நான்கு என்பார். வசந்தத் தேனீக்கு அந்த மூன்று மாத வித்தியாசம் இனத்தையே மாற்றிவிடும். லேபிள் அதே ஊசியில், தேனீக்குக் கீழே இருக்க வேண்டும். தனி நோட்டில் எழுதி 'மூன்றாம் எண்' என்று ஒட்டிவைப்பவர்கள் நோட்டைத் தொலைக்காமல் இருந்ததில்லை.

டிஎன்ஏ பற்றி ஒரு வார்த்தை. 'பார்கோடு' என்று விற்கப்படுவது ஒரே ஒரு மரபணுவின் 658 எழுத்துத் துண்டு. நல்ல கருவிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் 'எங்கள் தொகுப்பில் பொருந்தவில்லை' என்ற முடிவுக்குப் 'புது இனம்' என்று அர்த்தமில்லை. அந்த இனத்தை இதுவரை யாரும் சோதித்துத் தொகுப்பில் சேர்க்கவில்லை என்றுகூட இருக்கலாம். தேனீயின் ஒரு காலை மட்டும் தபாலில் அனுப்பச் சொல்லி, மீதி உடலைப் பற்றிக் கேட்காதவரிடமிருந்து விலகிவிடுங்கள். உடல் இல்லாமல் வந்த முடிவை யாராலும் மறுபடி சரிபார்க்க முடியாது. பின்னாளில் சோதனைக்கு வேண்டியிருக்கும் என்று தோன்றினால் ஒரு தேனீயை 95 சதவீத எத்தனாலில் போட்டு ஃப்ரீஸரில் வையுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் டிஎன்ஏவைச் சரியாகக் காக்காது.

யாரிடம் காட்டுவது? மாநிலப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறை, அல்லது ஏதாவது இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் தேனீப் பிரிவு. முதலில் படத்தோடும் லேபிள் விவரத்தோடும் மின்னஞ்சல் எழுதுங்கள். அவர்கள் சரி என்று சொல்லாமல் பெட்டியை அனுப்பாதீர்கள். பதில் வர மாதங்கள் ஆகலாம், ஒரு வருடம்கூட ஆகலாம். அது அவர்களின் அலட்சியம் அல்ல. ஆண்ட்ரீனாவை இனம் வரை பிரித்துச் சொல்லக்கூடியவர்கள் இந்தக் கண்டம் முழுவதிலும் மிகச் சிலரே. தேனீயைக் காப்போம் என்று சுவரொட்டி அடிக்கப் பணம் இருக்கிறது, தேனீக்குப் பெயர் சொல்பவருக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை. உங்களிடம் 350 டாலர் கேட்பவர் பிழைப்பது அந்த இடைவெளியில்தான். காத்திருக்கும் நேரத்தில் மகள் படிக்க, உங்கள் மாநிலத்திலேயே இருக்கும் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் நாட்டுத் தேனீ ஆய்வகம் வெளியிட்ட கையேடும் நுண்படங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. 'டிஸ்கவர் லைஃப்' தளத்தின் இனங்காட்டியும் இலவசம்.

மெய்யாகவே புதியதாக இருந்தால், விவரித்து எழுதும் நிபுணர்தான் பெயர் வைப்பார். முதலில் கண்டெடுத்தவர் பெயரை வைப்பது வழக்கத்தில் உண்டு. கண்டெடுத்தவர் பெண்ணாக இருந்தால் லத்தீன் முறைப்படி கடைசியில் 'ஏ' (ae) என்ற விகுதி சேரும். அதற்கும் கட்டணம் இல்லை.

பெட்டி அனுப்பும்போது ஊசிகளை நுரைத்தட்டில் ஆழமாகக் குத்தி, ஒவ்வொரு தேனீயின் இருபக்கமும் இன்னொரு வெற்று ஊசியால் அணை கொடுங்கள். ஒன்று சுழன்றாலும் பக்கத்துத் தேனீயின் உணர்கொம்பு போய்விடும். அந்தப் பெட்டியை இன்னும் பெரிய அட்டைப்பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் இரண்டு அங்குலம் பஞ்சோ கசக்கிய காகிதமோ அடையுங்கள். கூடவே, புல்வெளிக்கு மருந்தடிக்க வருபவரிடம் மே கடைசி வரை அந்தப் பக்கம் வர வேண்டாம் என்று இப்போதே சொல்லிவையுங்கள்.